ரொனிக்காக அழுதவர்

ரொனியைச் சுட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் என் வாயில் முதலில் வந்தது "சனியன் தொலைஞ்சுது" என்பதுதான். அதை அவனுடைய மனைவியின் முகத்துக்கு நேரே சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருக்கும் ஒரு பாமசியில் நான் பத்தொன்பது வருடங்களாக வேலை செய்கிறேன். எனக்குப் பக்கத்துக் கவுண்டரில் நிற்பவள் உஷாந்தி. போன வருடம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடையைத் திறந்து மருந்துப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவளுடைய போன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"ரொனிகே நோனாத கதா கரன்னே?" என்று ஓர் ஆணின் குரல் கேட்டது. ரொனியின் மனைவியா பேசுவது என்று சிங்களத்தில் கேட்கிறார்கள். உஷாந்தி ஆம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். போனை வைத்த பிறகு என்னிடம் சொன்னாள்.

"பொலிஸ் அக்கா. கொட்டாஞ்சேனையில ரொனியைச் சுட்டுப்போட்டாங்களாம். விடிய ஏழு மணிக்கு, தேத்தண்ணிக் கடை வாசல்ல. மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேர் வந்தவங்களாம். உடம்பை அடையாளம் காட்ட வரட்டாம்."

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். அவள் என்னைக் கோபிக்கவில்லை. "நீங்கள் சொல்லலாம் அக்கா. எனக்குத்தான் என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னோட வாறீங்களா?" என்று கேட்டாள். அவளைப் பிரேத அறைக்குக் கூட்டிக்கொண்டு போக அவளுக்கு வேறு யாரும் இருக்கவில்லை.

ரொனியை நான் முதலில் பார்த்தது ஒரு செய்தித்தாள் படத்தில். கொட்டாஞ்சேனையில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையில் பிறந்தவன். தகப்பன் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர். ஒழுங்கைப் பையன்கள் பந்து விளையாடும்போது இவன் எல்லாரையும்விட உயரமாக இருந்ததால் கோலாக வைத்த இரண்டு செருப்புகளுக்கு நடுவே நிறுத்தி வைத்தார்களாம். அந்த இடத்தை அவன் பிறகு விடவேயில்லை. பதினெட்டு வயதில் அந்தப் பகுதிக் கழகத்தின் கோல்காப்பாளன். இருபத்துமூன்று வயதில் இரண்டு முறை நாட்டுக்காக வெளிநாடு போய் வந்தான். ஒரு பெரிய கம்பனி தன்னுடைய அணியில் விளையாடுவதற்காக அவனை வேலைக்கு எடுத்தது. பெயருக்கு ஸ்டோர்ஸ் கிளார்க். காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவான்.

அந்தக் கம்பனியின் வரவேற்பு மேசையில் இருந்தவள்தான் உஷாந்தி. தகப்பன் சிவபாதசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் குடியேறிய கணக்காளர். கிறிஸ்தவ வேதக்காரன், கொட்டாஞ்சேனைக்காரன், பந்து விளையாடுகிறவன் என்று மூன்று காரணம் சொல்லி மகளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார். அவள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் அவளோடு கதைக்கவில்லை. பேத்தி சாமினி பிறந்தபோதும் வரவில்லை.

கம்பனிக்கு விளையாடினாலும் ரொனி தன் பகுதிக் கழகத்தை விடவில்லை. கழகம் கிண்ணம் வென்றது 2013இல். இறுதியாட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்குப் போனது. ரொனி இரண்டு அடிகளைத் தடுத்தான். இரண்டாவதை இடது பக்கம் பாய்ந்து விரல் நுனியால் தள்ளினான். மறுநாள் செய்தித்தாளில் வந்த படம் எங்கள் கடையிலும் கிடந்தது. சேற்றில் முழங்காலில் நிற்கும் ரொனி, அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும் இன்னொருவன். அந்த இன்னொருவன் மஹ்ரூப். பக்கத்துக் கிராண்ட்பாஸ் பகுதிக்காரன், அணியின் இடதுபக்கப் பின்னிலை ஆட்டக்காரன். ஏழு வருடம் ரொனிக்கு முன்னால் நின்று விளையாடியவன். சாமினிக்குப் பெயர் வைத்த அன்று கேக் வாங்கி வந்ததும் அவன்தான்.

மூன்று வருடம் கழித்து ஒரு பயிற்சியில், உயரத்தில் வந்த பந்தைப் பிடித்துவிட்டுத் தரையிறங்கும்போது இன்னொருவனின் கால்மேல் ரொனி இறங்கினான். முழங்கால் போயிற்று. சத்திரசிகிச்சை செய்தார்கள். நடக்க முடிந்தது, பாய முடியவில்லை. கம்பனி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஸ்டோர்ஸ் கிளார்க் வேலையையாவது தரச்சொல்லி அவன் போய்க் கேட்டபோது, அந்த வேலைக்கு வேறு ஆள் இருக்கிறார் என்றார்களாம். எப்போதுமே வேறு ஆள்தான் இருந்தார்.

அடுத்த வருடம் உஷாந்தி எங்கள் பாமசிக்கு வேலைக்கு வந்தாள். அப்போதுதான் ரொனியை நேரில் பார்த்தேன். முழங்கால் நோவுக்கான மாத்திரைக்கு டொக்டர் எழுதிக்கொடுத்த துண்டோடு வருவான். பிறகு பழைய துண்டோடு வந்தான். பிறகு துண்டு இல்லாமலே வந்தான்.

"அக்கா, உங்களுக்கு என்னைத் தெரியும்தானே," என்பான்.

"தெரியும் தம்பி. ஆனா துண்டு இல்லாமல் தரேலாது."

ஒரு நாள் கண்ணாடிக் கவுண்டரில் ஓங்கி ஒரு அடி அடித்தான். விரிசல் விழுந்தது. அந்தக் கைகளுக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உஷாந்தி அன்றைக்கு முழுவதும் தலை நிமிரவில்லை.

மாத்திரையிலிருந்து அவன் ஐஸ் போதைப்பொருளுக்குப் போனான். அவள் மணிக்கட்டு வரை கை நீண்ட சட்டை போடத் தொடங்கினாள். கொரோனா ஊரடங்குக் காலத்தில், வெளியே போக வழியில்லாமல் மூன்று பேரும் ஒரே அறையில் கிடந்தபோது, அவளுடைய மணிக்கட்டை முறித்தான். மறுநாள் முழங்காலில் நின்று அழுதானாம், இனித் தொடமாட்டேன் என்று மாதாவின் படத்தின்மேல் சத்தியம் செய்தானாம். அடுத்த வருடம் சாமினியின் தலைமயிரைப் பிடித்து இழுத்த அன்று, உஷாந்தி ஒரு பையோடு மகளைக் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டாள். தகப்பன் வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்தாள். அது என் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் அவளுக்கும் எங்களுக்கும் காதால் கேட்ட செய்திதான். துபாயில் இருந்துகொண்டு போனில் கொட்டாஞ்சேனைப் போதை வியாபாரத்தை நடத்தும் ஒருவனோடு ரொனி சேர்ந்துவிட்டான் என்றார்கள். அவனுடைய உயரமும் கைகளும் அங்கே உதவின. மஹ்ரூப் அப்போது ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தான். அந்த ஆட்களின் பார்சல்களை ஏற்ற மறுத்திருக்கிறான். ஒருமுறை அல்ல, மூன்று முறை. 2023 கார்த்திகையில் ஒரு பின்னேரம், பள்ளிவாசலுக்குப் போய் வந்துகொண்டிருந்த மஹ்ரூபை ஒழுங்கை முனையில் மறித்து, இரும்புக் குழாயால் அடித்தார்கள். அடித்தவன் ரொனி. பகல் வெளிச்சத்தில் நான்கு பேர் பார்த்தார்கள். மஹ்ரூப் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பினான். வலது கையும் காலும் விளங்காமல் போயின, பேச்சும் பாதி போயிற்று. ரொனி விளக்கமறியல் சிறையில் ஏழு மாதம் இருந்துவிட்டுப் பிணையில் வெளியே வந்தான். வழக்கு நடந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் தெரிந்துதான் நான் சனியன் என்றேன்.

பிரேத அறையில் துணியை நெஞ்சுவரை இறக்கிக் காட்டினார்கள். உஷாந்தி அருகில் போய்ப் பார்த்தாள். நான் கதவடியில் நின்றேன். நெஞ்சில் இரண்டு காயம், வலது உள்ளங்கையில் ஒன்று. "கையை நீட்டியிருக்கிறார்," என்று அங்கே நின்ற ஊழியர் சிங்களத்தில் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர்தான் என்றாள்.

திடீர் மரண விசாரணை அதிகாரி வயதானவர், தமிழ் தெரிந்தவர். பெயர், வயது, விலாசம் எல்லாம் எழுதிவிட்டுக் கேட்டார்.

"தொழில்?"

உஷாந்தி யோசித்தாள். "முந்தி பந்து விளையாடினவர்."

"இப்ப?"

"இப்ப என்ன செய்தவர் எண்டு எனக்குத் தெரியாது ஐயா. நாங்கள் ஒண்டா இருக்கேல்லை."

அவர் பேனையைக் கொஞ்சம் நிறுத்தி வைத்திருந்துவிட்டு எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

"கடைசியா எப்ப பாத்தீங்க?"

"போன வியாழக்கிழமை," என்றாள். "கடைக்கு வந்தவர்."

அந்த வியாழக்கிழமை நானும் கடையில்தான் இருந்தேன். மத்தியானம், வெயில் கொதித்துக்கொண்டிருந்த நேரம். மெலிந்து, கன்னம் ஒட்டி, தாடியோடு வந்தான். என்னைக் கண்டு தலையைக் குனிந்தான். உஷாந்தி அவனைக் கடைக்குப் பின்னால் இருக்கும் நடையில் வைத்துக் கதைத்தாள். நான் கதவைச் சாத்தவில்லை. அவன் கையைத் தூக்கினால் ஓடுவதற்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

"உஷா, ரெண்டே ரெண்டு நாளைக்கு இருக்க விடு. என்னைய பாத்துக்கிட்டே இருக்கானுங்க."

"ஆர்?"

"எல்லாரும்தான். நான் வர்ற தவணைல கோர்ட்ல உண்மைய சொல்லப் போறேன். மஹ்ரூப்ப அடிச்சது நான்தான்னு. அடிக்கச் சொன்னவன் பேரையும் சொல்லப் போறேன். அது அவனுங்களுக்குத் தெரிஞ்சு போச்சு."

"பொலிஸுக்குப் போங்கோ."

"போவேன். ரெண்டு நாள் தூங்கிட்டுப் போவேன். தூக்கமே இல்ல உஷா."

அவள் மணிக்கூட்டில் நேரம் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. பிறகு சொன்னாள்: "பள்ளிக்கூடம் விடுற நேரம். பிள்ளை இங்கதான் வரும். அதுக்கு முதல் போங்கோ."

அவன் திரும்பவும் கேட்கவில்லை, கத்தவில்லை. நடந்து போய்விட்டான். வலது காலை இழுத்து இழுத்து அவன் வீதியைக் கடந்தபோது நான் உஷாந்தியிடம், "நல்ல வேலை செய்தனீர்," என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிரேத அறையில் நின்றோம்.

அன்றைக்குப் பின்னேரமே ஊரெல்லாம் அந்தச் செய்தி ஓடியது. ஒரு யூடியூப்காரன் தேத்தண்ணிக் கடை வாசலில் இருந்த இரத்தத்தைக் காட்டிக் கதைத்தான். "முன்னாள் வீரரின் துயர முடிவு" என்று தலைப்புப் போட்டிருந்தான். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்தார்கள். இதில் என்ன துயரம் என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஒரு குப்பை குறைந்தது என்று ஒருவர். சுட்டவனுக்கு மாலை போட வேண்டும் என்று இன்னொருவர். சாமினிக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடம் விட்டு என் வீட்டுக்கு வந்தவள், கட்டிலில் இருந்து அதை முழுவதும் வாசித்திருக்கிறாள். நாங்கள் திரும்பி வந்தபோது போனை மடியில் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, நான் அழலாமோ?"

"ஏன் அப்பிடிக் கேக்கிறாய்?"

"எல்லாரும் நல்லதெண்டுதானே எழுதியிருக்கினம். உங்களுக்கும் அடிச்சவர். மஹ்ரூப் அங்கிளுக்கும் அடிச்சவர். அழுதா நான் அவருக்குப் பக்கம் எண்டு ஆகுமோ?"

உஷாந்தி அவளுக்குப் பக்கத்தில் இருந்து போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "உன்ர அப்பா. உனக்கு அழுகை வந்தா அழு. ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை."

"உங்களுக்கு?"

"எனக்கு இன்னும் கோபம் போகேல்லை, பிள்ளை."

சாமினி அழுதாள். காலையில் சொன்ன அந்த வார்த்தை எனக்குள் அப்போதுதான் குத்தத் தொடங்கியது.

உடம்பை வியாழக்கிழமை கொடுத்தார்கள். ரொனியின் தங்கை டில்ருக்ஷியின் வீட்டில், அதே ஒழுங்கையில் வைத்தார்கள். ஒழுங்கை முகப்பில் கழகச் செயலாளர் ஜனா ஒரு பெரிய பனர் கட்டியிருந்தார். அவரும் அந்தக் காலத்தில் ரொனியோடு விளையாடியவர், இப்போது அச்சகம் வைத்திருக்கிறார். பனரில் 2013ஆம் ஆண்டுப் படம். ரொனியை மட்டும் எடுத்து, பக்கத்தில் இருந்த மஹ்ரூபை வெட்டியிருந்தார். முழுவதும் வெட்ட முடியவில்லை. ரொனியின் கழுத்தைச் சுற்றி ஒரு கறுத்த கை மட்டும், உடம்பு இல்லாமல், அப்படியே இருந்தது. "ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று கீழே எழுதியிருந்தது.

சனம் அதிகமில்லை. பழைய ஆட்டக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், அயலவர்கள், ஒழுங்கை முனையில் சீருடையில் இரண்டு பொலிஸ்காரர். ரொனி கடைசியாகச் சேர்ந்து திரிந்த ஆட்கள் ஒருவர்கூட வரவில்லை. டில்ருக்ஷி உஷாந்தியைக் கண்டதும் எழும்பி வந்தாள்.

"அண்ணி, நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"பிள்ளை வரவேணும் எண்டவள்."

"நீங்க விட்டுட்டுப் போனதுக்கு நான் ஒங்கள ஏசியிருக்கேன் அண்ணி. அதுக்கப்புறம் எனக்கும் அடிச்சாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா என்னோட அண்ணன். நான் என்ன செய்ய?"

ஜனா ஒரு கடதாசியோடு வந்தார். மயானத்தில் வாசிக்கப் போகும் உரை. குடும்பத்தவர் ஒருமுறை பார்த்தால் நல்லது என்றார். உஷாந்தி வாசித்துவிட்டு என்னிடம் தந்தாள். களத்தில் சிங்கம், களத்துக்கு வெளியே எதிரிகளே இல்லாத மனிதர், ஒரு பெருந்துயரம் நம்மைச் சூழ்ந்திருக்கிறது என்றெல்லாம் இருந்தது.

"இதில மஹ்ரூப் அண்ணையைப் பற்றி ஒண்டும் இல்லை," என்றாள் உஷாந்தி.

"செத்த வீட்டில அதை எப்பிடிச் சொல்லுறது, தங்கச்சி? போனவனைப் பற்றி நல்லதைத்தானே சொல்லவேணும்."

"அப்ப பந்து விளையாடினதை மட்டும் சொல்லுங்கோ. எதிரி இல்லாத மனுசன் எண்டு சொல்லாதேங்கோ."

ஜனா அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

நண்பகலுக்குக் கொஞ்சம் முன்னால், கறுப்பு அபாயா போட்ட ஒரு பெண் ஒழுங்கைக்குள் வந்தாள். வந்தவளைக் கண்டதும் ஆட்கள் கதைப்பதை நிறுத்தினார்கள். கதிரைகளில் இருந்த பழைய ஆட்டக்காரர்கள் எழும்பி நின்றார்கள், ஆனால் யாரும் அவளுக்குக் கிட்டப் போகவில்லை. அவள் வாசலில் நின்று, ரொனியின் மனைவி யார் என்று கேட்டாள். உஷாந்தி போனாள். நானும் பின்னால் போனேன்.

"நான் நளீபா. மஹ்ரூப்ட பொஞ்சாதி."

இருவரும் ஒருவரையொருவர் அதற்கு முதல் பார்த்தது சாமினிக்குப் பெயர் வைத்த அன்றுதான்.

"அவர் டீவீல பாத்துட்டார்," என்றாள் நளீபா. "ரெண்டு நாளா சாப்பிடல்ல. அழுதுட்டே ஈக்கிறார். கூட்டிட்டுப் போ, கூட்டிட்டுப் போன்டு ஒரே சத்தம். ஓட்டோல ரோட்டுல ஈக்கிறார். உங்கட ஆக்கள் வேணாம்னு சென்னா நான் திருப்பிக் கொண்டு போறேன்."

"அழுறாரோ?" என்று உஷாந்தி கேட்டாள். "ரொனிக்காகவோ?"

நளீபா சிரித்தாள். சிரிப்பு என்றால் சிரிப்பில்லை. "அவருக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல. அடிச்ச நாள் மட்டுமில்ல, அதுக்கு முன்ன ஏழெட்டு வருசமும் இல்ல. ரொனி இன்னமும் கோல்ல நிக்கிறார்ன்டுதான் நெனப்பு. ரொனிதான் உங்களுக்கு அடிச்சதுன்டு நான் எத்தன தரம் சென்னேன். பொய் சொல்லாதேன்டு எனக்குத்தான் ஏசுவார். இப்ப சொல்றதுல்ல."

உஷாந்தி யாரையும் கேட்கவில்லை. ஒழுங்கையால் நடந்து போய், நளீபாவோடு சேர்ந்து மஹ்ரூபை ஓட்டோவிலிருந்து இறக்கினாள். நாற்பது வயதுக்காரன் அறுபது வயதுபோல் இருந்தான். வலது கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. பனருக்குக் கீழே கொஞ்சம் நின்று ரொனியின் முகத்தைப் பார்த்தான். பிறகு வீட்டுக்குள் வந்து, இடது கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்து, குனிந்தான்.

"ரொ... ரொனி. ஏன்டா. எவன்டா."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. பெரிய சத்தமாக, சின்னப் பிள்ளையைப்போல, வாய் கோணிப்போக அழுதான். அந்த வீட்டில் அன்றைக்கு அப்படி யாரும் அழவில்லை. டில்ருக்ஷி முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஜனா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும், மஹ்ரூபைத் தவிர. ஒருவருக்கும் அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அவனைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்த பிறகு, உஷாந்தி நளீபாவைக் குசினிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்ததால் அவர்கள் கதைத்ததைக் கேட்டேன்.

"ஊரெல்லாம் சொல்லுது, சுட்டவன் எனக்கு நல்லது செஞ்சிட்டான்டு," என்றாள் நளீபா. "எனக்கு என்ன நல்லது செஞ்சான்? ஒவ்வொரு தவணைக்கும் இவரையும் தூக்கிட்டுக் கோட்டுக்குப் போனேன். அந்தாள் கூண்டுல நின்டு நான்தான் செஞ்சேன்டு ஒரு தரம் சொல்லணும். அத இவர் காதால கேக்கணும். அப்பயாவது என்னய நம்புவார். அதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். இப்ப எங்க போய்க் கேக்க?"

உஷாந்தி முந்தின வியாழக்கிழமையைப் பற்றி முழுவதும் சொன்னாள். ரொனி வந்தது, இரண்டு நாள் இருக்க இடம் கேட்டது, கோர்ட்டில் ஒத்துக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னது, தான் போகச் சொன்னது.

"அது உண்மையா?" நளீபா அவளுடைய கையைப் பிடித்தாள். "உண்மையா சொல்லப் போனாரா?"

"தெரியேல்லை. இனி அடிக்கமாட்டன் எண்டு எனக்கு எத்தினையோ தரம் சத்தியம் பண்ணினவர். ஒண்டையும் காப்பாத்தேல்லை. இருக்க இடம் வேணும் எண்டதுக்காகச் சொன்னதாயும் இருக்கலாம். உண்மையாயும் இருக்கலாம். சொல்லப் போனதாலதான் சுட்டாங்களோ, வேற ஏதும் பிரச்சினைக்குச் சுட்டாங்களோ, எனக்குத் தெரியாது. நான் ரெண்டு நாள் விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

நளீபா அவளுடைய கையை விடவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முறிந்து பொருந்திய மணிக்கட்டு கொஞ்சம் கோணலாக இருக்கும்.

"நானாக இருந்தாலும் போகத்தான் சென்னிருப்பேன்," என்றாள்.

அன்று பின்னேரம் மாதம்பிட்டி மயானத்தில் பாதர் ஜெபம் சொல்லி முடித்ததும் எல்லாரும் ஜனாவைப் பார்த்தார்கள். மஹ்ரூப் குழியருகே ஒரு கதிரையில் இருந்தான். ஜனா சட்டைப் பையில் கையை வைத்தார். கடதாசியை எடுக்கவில்லை.

"ரொனி நல்லா விளையாடினவன்," என்றார். "அப்பிடி ஒரு கீப்பரை நான் பிறகு காணேல்லை. அவன் பிறகு செய்ததை நான் இங்க சொல்லேலாது. மறைக்கவும் ஏலாது." அவ்வளவுதான். பின்னால் போய் நின்றுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து, புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. மரணச் சான்றிதழைக் கொடுப்பதற்காக உஷாந்தி போனாள், நான் அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு கூடப் போனேன். நளீபா மஹ்ரூபோடு வந்திருந்தாள். வழக்கு இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். ஒரு சட்டத்தரணி எழும்பி ஏதோ சொன்னார். சான்றிதழை மேலே கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளர் எங்களைப் பார்த்து, குற்றம் சாட்டப்பட்ட எதிரி இறந்தபடியால் வழக்கு முடிவுக்கு வந்தது என்று தமிழில் சொன்னார். நாங்கள் உட்கார்ந்த வாங்கு இன்னும் சூடாகவில்லை.

"முடிஞ்சா?" என்று நளீபா கேட்டாள்.

"முடிஞ்சுதாம்."

அவள் மஹ்ரூபின் செருப்பைச் சரியாகப் போட்டுவிட்டு, அவனைத் தூக்கி நிறுத்தினாள்.

சுட்டவர்களை இன்றுவரை பிடிக்கவில்லை. எங்கள் பாமசி முதலாளி ஒருநாள், "உண்மையைச் சொல்லும், ரொனி செத்தது ஒரு துயரமா, இல்லாட்டி வினையா?" என்று என்னிடம் கேட்டார். முன்பு என்றால் உடனே சொல்லியிருப்பேன். அவன் செய்ததற்கு அவன் செத்தான் என்றால் உஷாந்தியின் மணிக்கட்டுக்கும் மஹ்ரூபின் காலுக்கும் கணக்குச் சரியாகிவிட வேண்டும். ஒன்றும் சரியாகவில்லை. ஐயோ பாவம் என்றால் கண்ணாடியில் விழுந்த அந்த விரிசலை நான் பார்த்தவள். அவன் கோர்ட்டில் ஏறியிருந்தால் அவன் யார் என்று எங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறமாட்டான் என்றால் அதுவும் தெரிந்திருக்கும். சுட்டவர்கள் அவனைக் கொன்றதோடு அந்தப் பதிலையும் கொண்டுபோய்விட்டார்கள். முதலாளியிடம் "தெரியேல்லை ஐயா," என்றேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் உஷாந்தியும் சாமினியும் கிராண்ட்பாஸுக்குப் போகிறார்கள். நளீபா வீட்டில் தையல் தைப்பவள். தைத்த உடுப்புகளைக் கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும், மஹ்ரூபைத் தனியே விட முடியாது. அதற்காகத்தான் போவது. யாரும் யாரையும் மன்னித்ததாக அவர்கள் கதைப்பதில்லை. போன மாதம் ஒரு தடவை நானும் போனேன். அவர்கள் இருப்பது மூன்றாம் மாடியில், இரண்டு அறை.

நாங்கள் உள்ளே போனதும் மஹ்ரூப் சாமினியைப் பார்த்து, "வாப்பா எங்க?" என்று கேட்டான்.

"அப்பா செத்துட்டார் அங்கிள்," என்றாள் சாமினி. இப்போது புதிதாகக் கேட்பதும் அவனுக்குச் சில நாளில் மறந்துவிடுகிறது; ஒவ்வொரு கிழமையும் சொல்லிச் சொல்லி அவளுடைய குரலில் நடுக்கம் இல்லாமல் போயிருந்தது.

அவன் முகம் உடைந்தது. அப்போதுதான் முதல்முறை கேட்பதுபோல அழுதான். அவள் துவாயை எடுத்து அவனுடைய கண்ணையும் வாயோரத்தில் வடிந்ததையும் துடைத்துவிட்டாள். உஷாந்தி யன்னல் பக்கமாகத் திரும்பி நின்றாள். பத்து நிமிடம் கழித்து அவன் அமைதியாகி, இடது கையைத் தூக்கி, ஒவ்வொரு வார்த்தையாக, அவளுடைய தகப்பன் மழையில் நின்று பந்தைத் தடுத்த கதையைச் சொல்லத் தொடங்கினான். வார்த்தை சிக்கிய இடங்களில் சாமினி எடுத்துக் கொடுத்தாள்.

அவளுக்கு அவளுடைய தகப்பனைப் பற்றி நல்லது சொல்ல வேறு யாரும் இல்லை.